இருநூத்திப் பதினாலு கோடிச் சொச்சம்

டிஸ்கி: கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவர்களும் படிக்கலாம். பெருக்கல், வகுத்தல் தாண்டி பெரிதாக எதுவும் இல்லை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கே வந்ததும் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி ரெண்டே கால் மணிக்கு போன் அடித்தது. பொட்டி தட்டுகிறவனுக்கு அந்த நேரத்தில் போன் வந்தால் ரெண்டே அர்த்தம்தான். ஒன்று ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை, இல்லையென்றால் சர்வருக்கு உடம்பு சரியில்லை. நல்லவேளை, ரெண்டாவது. எங்கள் சிஸ்டத்தில் ஆர்டர் எதுவும் உள்ளே போகவில்லை. லாகைத் திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாக ஒரே புலம்பல்: 2147483647 என்ற எண் ஏற்கெனவே இருக்கிறது, மறுபடி சேர்க்க முடியாது.

பார்த்தவுடனேயே புரிந்துவிட்டது. வயிறு கலங்கியது. யார் எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒரு டேபிளில் ஒரு வரி பதிவாகும். ஒவ்வொரு வரிக்கும் 1, 2, 3 என்று தானாகவே வரிசை எண் விழும். அந்த எண்ணை வைக்க ஒதுக்கிய இடம் 32 பிட். அதில் அடங்கக்கூடிய மிகப்பெரிய எண் 2147483647. ஒரு நாளைக்குச் சுமார் 14 லட்சம் வரிகள் வீதம் நாலு வருஷத்தில் பானை நிரம்பிவிட்டது. அடுத்த எண்ணுக்கு இடமில்லை. லாக் எழுத முடியாததால் அதோடு சேர்த்துக் கட்டியிருந்த ஆர்டரும் நின்றுவிட்டது.

பழைய டேபிளை ஓரமாக நகர்த்தி, அதே பெயரில் 64 பிட் வரிசை எண்ணோடு காலியான புது டேபிள் ஒன்றை வைத்து, மூன்றரை மணிக்கு ஒரு வழியாக ஓட விட்டோம். காலையில் மீட்டிங். யார் இதை 32 பிட் என்று எழுதியது என்று வரலாற்றைத் தோண்டினார்கள். நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி, பக்கத்தில் என் பெயர். அவ்வ்வ்வ்...

அன்றைக்கு என் டீம் லீட் கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "இது பத்துமாடா?" என்றார். "இருநூறு கோடி தாண்டிப் போகும் சார், அதுக்குள்ள இந்த ப்ராடக்டே இருக்காது" என்றேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அவர் வேறு கம்பெனியில். ப்ராடக்ட் மட்டும் அப்படியே இருக்கிறது. நானும்.

திட்டு வாங்கிய கையோடு அந்த எண்ணைப் பற்றி நோண்ட ஆரம்பித்தேன். நம்மை இந்தப் பாடு படுத்திய எண் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? நோண்டினால், கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே முன்னூறு வருஷத்துக்கும் மேலாக மனிதர்கள் இந்த எண்ணைச் சுற்றி வந்திருக்கிறார்கள்.

முதலில் எண்ணைப் பார்த்துவிடுவோம். 214,74,83,647. இருநூற்றுப் பதினாலு கோடியே எழுபத்து நாலு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. இரண்டை 31 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும், அதாவது 2^31 - 1. இரும எண்ணில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள். 32 பிட்டில் ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விட, மிச்சம் 31. எல்லாவற்றையும் ஒன்றால் நிரப்பினால் இதுதான்.

இன்னொரு விஷயம், இது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எந்த எண்ணாலும் வகுபடாது. கம்ப்யூட்டர்காரர்கள் பகா எண் வேண்டும் என்று தேடிப்போய் இதை எடுக்கவில்லை, தற்செயலாக அமைந்தது. 8 பிட்டில் உச்ச எண் 127, அது பகா எண். 16 பிட்டில் 32767, அது 7 × 31 × 151, போச்சு. 32 பிட்டில் நம்மாள், பகா எண். 64 பிட்டில் 9223372036854775807, அது 7ஆலேயே ரெண்டு தடவை வகுபடும். 128 பிட்டில் மறுபடி பகா எண்! அதன் கதையும் பின்னால் வரும்.

சரி, பகா எண் என்று யார் கண்டுபிடித்தது? அங்கேதான் கதை.

இதை ஆரம்பித்து வைத்தவர் யூக்ளிட். 6 என்ற எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் சின்ன எண்கள் 1, 2, 3. கூட்டினால் 6. 28க்கு 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. இந்த மாதிரி எண்களுக்கு நிறைவு எண்கள் என்று பெயர். 2^31 - 1 மாதிரி ரெண்டின் அடுக்கிலிருந்து ஒன்று கழித்த எண் பகா எண்ணாக இருந்தால், அதிலிருந்து ஒரு நிறைவு எண்ணைச் செய்துவிடலாம் என்று யூக்ளிட் காட்டிவிட்டுப் போய்விட்டார். 6, 28, 496, 8128 நாலும் பழங்காலத்திலேயே தெரியும். அதற்கு மேலே போக வேண்டுமானால் பெரிய பெரிய எண்களைப் பகா எண்ணா இல்லையா என்று சோதிக்க வேண்டும். அதுதான் வேலை.

முதலில் எல்லோரும் நினைத்தது, அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும் என்று. 2, 3, 5, 7 வரைக்கும் சரியாகத்தான் வருகிறது. 11இல் இடறுகிறது. 2^11 - 1 என்பது 2047. அது 23 × 89. இது 1536இலேயே அச்சில் வந்துவிட்டது. (2047ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி தலைகாட்டும்.)

அப்புறம் இத்தாலியில் கட்டால்டி என்று ஒரு வாத்தியார். 750 வரைக்கும் பகா எண்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து, 2^17 - 1, 2^19 - 1 ரெண்டும் பகா எண்கள் என்று நிரூபித்தார். 2^19 - 1 என்பது 524287. அதன் வர்க்கமூலம் 724 சொச்சம், அதனால் 750 வரை இருந்தால் போதும். மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம். 1603இல் போட்ட புத்தகத்தில் 23, 29, 31, 37 அடுக்குகளும் பகா எண்தான் என்று அடித்துவிட்டார். இதில் 23ஐயும் 37ஐயும் 1640இல் ஃபெர்மா உடைத்தார். 2^23 - 1 வெறும் 47ஆல் வகுபடுகிறது. கட்டால்டியின் பட்டியலில் 47 இல்லாமலா இருந்திருக்கும்? வகுத்தே பார்க்கவில்லை, அவ்வளவுதான். 29ஐ 1738இல் ஆய்லர் உடைத்தார், 233ஆல் வகுபடும். நாலில் ஒன்று மட்டும் பிழைத்தது. நம்ம 31.

நடுவில் பாரிஸில் மெர்சென் என்ற துறவி. இந்த வகை எண்களுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். ஐரோப்பா முழுக்க இருந்த கணக்குப் புலிகளோடு கடிதம் எழுதிக்கொண்டே இருந்தவர். 1644இல் ஒரு பட்டியல் போட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இந்த அடுக்குகளுக்கு மட்டும்தான் பகா எண் வரும், 257 வரைக்கும் வேறு கிடையாது என்றார். 67, 257 ரெண்டும் தப்பு. 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். பதினோரு எண்ணில் ரெண்டு தப்பு, மூன்று விடுபட்டது. எங்கள் காலேஜாக இருந்தால் பாஸ் போட்டுவிடுவார்கள். ஆனால் அந்தப் பட்டியல் முழுசாகச் சரிபார்க்கப்பட முன்னூறு வருஷம் ஆனது என்பதுதான் விஷயம்.

31க்கு வருவோம். ஆய்லரும் தப்பே பண்ணாதவர் இல்லை. 1730களில் அவரும் 2^41 - 1, 2^47 - 1 ரெண்டையும் பகா எண் என்று எழுதி, பிற்பாடு திருத்திக்கொண்டவர்தான். சூடு பட்டதாலோ என்னவோ, 31 விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. 1752இல் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில், தனக்கு ஏழு நிறைவு எண்கள்தான் நிச்சயமாகத் தெரியும், 2^31 - 1 பகா எண்ணா என்பது சந்தேகம் என்கிறார். இருபது வருஷம் கழித்து, 1772இல், மூன்றாம் யோஹான் பெர்னூலிக்கு எழுதுகிறார். பகா எண்தான், சோதித்துவிட்டேன் என்று.

1772இல் ஆய்லர் இருந்த நிலையைப் பாருங்கள். வயது 65. பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறார். வலது கண் போய் முப்பது வருஷத்துக்கும் மேலே ஆகிவிட்டது. இடது கண்ணில் புரை விழுந்து, 1771இல் ஆபரேஷன் பண்ணி, கொஞ்ச நாள் தெரிந்து, அதுவும் போய்விட்டது. அதே 1771இல் ஊரில் பெரிய தீ, அவர் வீடும் எரிந்துவிட்டது. இந்த லட்சணத்தில் மகனையும் சிஷ்யர்களையும் எழுத வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளாகச் சொல்லித் தள்ளிக்கொண்டிருக்கிறார். இங்கே ரெண்டு மானிட்டர் இருந்தும் பத்தவில்லை என்று டிக்கெட் போட்டவன் நான்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளும் இடம்.

2147483647இன் வர்க்கமூலம் 46340 சொச்சம். அது வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அங்கே வரைக்கும் 4792 பகா எண்கள் இருக்கின்றன. ஆய்லர் அத்தனையையும் வகுக்கவில்லை. வகுக்கவே தேவையில்லாதவற்றை முதலில் கழித்துக்கட்டினார்.

முதல் சல்லடை ஃபெர்மாவுடையது. ஒரு பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணால் 2, 4, 8, 16 என்று ஒவ்வொன்றையும் வகுத்து மீதியைக் குறித்துக்கொண்டே போனால், 31ஆவது இடத்தில் மீதி 1 வரும். அதற்கப்புறம் அதே மீதிகள் மறுபடி ஆரம்பிக்கும். அதாவது 31 அடிக்கு ஒரு சுற்று. ஃபெர்மா சொன்னது, இந்தச் சுற்றின் நீளம் அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவதை மீதியில்லாமல் வகுக்க வேண்டும் என்று. ஆக, அந்தப் பகா எண் 31இன் ஏதோ ஒரு மடங்கை விட ஒன்று அதிகம். பகா எண் ஒற்றைப்படையாகவும் இருக்க வேண்டுமே, அதனால் 62இன் மடங்கு கூட்டல் 1. ஒரே அடியில் 61 எண்களைத் தாண்டித் தாண்டிக் குதிக்கலாம்.

ரெண்டாவது சல்லடை. 2^31ஐ வகுத்தால் மீதி 1 என்றால், 2^32ஐ வகுத்தால் மீதி 2. ஆனால் 2^32 என்பது 2^16இன் வர்க்கம். அதாவது இந்த வகுத்தல் உலகத்தில் 2 என்பது ஒரு முழு வர்க்கம் மாதிரி நடந்துகொள்கிறது. அப்படி நடக்க வேண்டுமானால் அந்தப் பகா எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான் வர முடியும். 3, 5 வந்தால் தள்ளுபடி.

ரெண்டு சல்லடையையும் சேர்த்துப் போட்டால் 248இன் மடங்கு கூட்டல் 1, 248இன் மடங்கு கூட்டல் 63 என்ற ரெண்டு சாதி எண்கள் மட்டும் மிஞ்சும். 46340க்குள் முதல் வகையில் 186, ரெண்டாவது வகையில் 186, மொத்தம் 372. அவற்றிலும் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் நூறு கூட இல்லை. 4792இலிருந்து நூறுக்குள்! மூச்சை விடலாம்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஊரில் இருந்தேன். நைட் ஷிஃப்ட் சாகசத்துக்குப் பரிகாரமாக ரெண்டு நாள் லீவு கிடைத்திருந்தது. அப்பா பேங்கில் முப்பது வருஷம் லெட்ஜர் எழுதியவர். இன்னும் மளிகைக் கடை பில்லைக் கையால் கூட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "கண்ணு தெரியாத மனுஷன் எப்படிடா இவ்ளோ பெரிய நம்பரை வகுத்தாரு?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, பழைய டைரி ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "முதல் நம்பர் என்ன, சொல்லு."

248 கூட்டல் 1 என்றால் 249, அது 3ஆல் போய்விடும். 248 கூட்டல் 63 என்றால் 311, பகா எண். "311" என்றேன். அப்பா கட்டம் கட்டி வகுக்க ஆரம்பித்தார். நான் போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்று நிமிஷம் ஆனது. "ஈவு 6905092, மீதி 35." சரி. அடுத்தது 1303. மீதி 226. அதற்கடுத்து 1489. அதில் நடுவே ஒரு இடத்தில் கடன் வாங்கியதில் தப்பாகி, அடித்து, திரும்பப் போட்டார். மீதி 199.

ஒரு வகுத்தலுக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தால், 4792க்குப் பத்து நாள் இரவு பகல் பாராமல் வகுக்க வேண்டும். நூறுக்குள் என்றால் ஐந்து மணி நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வாத்தியார்கள் ஏன் தேற்றம் தேற்றம் என்று உயிரை வாங்கினார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இன்ஜினியரிங்கில் நாலு செமஸ்டர் கணக்குப் பேப்பர் எழுதியிருக்கிறேன், ஒரு தேற்றம் எத்தனை மணி நேரத்தை மிச்சப்படுத்தும் என்று ஒருத்தர் கூட மணிக்கணக்கில் சொன்னதில்லை.

ஆனால் இதில் ஒரு கொடுமை இருக்கிறது. நூறு வகுத்தலிலும் மீதி வந்தால்தான் பகா எண். ஒன்றில் தப்பாகப் போட்டிருந்தால்? வகுபடுகிறது என்றால் அந்த எண்ணைக் காட்டிவிடலாம், யார் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். வகுபடவில்லை என்பதற்குக் காட்ட எதுவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் வகுத்துப் பார்ப்பதுதான் வழி. ஒரு கண் தெரியாத கிழவரின் வார்த்தையை நம்பித்தான் ஐரோப்பா இதை ஏற்றுக்கொண்டது. கட்டால்டி வார்த்தையை நம்பி ஏமாந்த பிறகும். ஆய்லர் வார்த்தை நின்றது.

அடுத்து வருகிறவர்தான் எனக்கு ரொம்ப நெருக்கமானவர். பீட்டர் பார்லோ. இங்கிலாந்தில் வுல்விச் ராணுவ அகாடமியில் கணக்கு வாத்தியார். டெலஸ்கோப் வைத்திருக்கும் நண்பர்களுக்கு பார்லோ லென்ஸ் தெரிந்திருக்கும், அதே பார்லோ. 1811இல் எண்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் ஆய்லரின் பகா எண்ணிலிருந்து வரும் நிறைவு எண்ணைச் சொல்கிறார்: 2305843008139952128. 19 இலக்கம். சொல்லிவிட்டு, இதுவே மனிதர்கள் கண்டுபிடிக்கப்போகும் ஆகப்பெரிய நிறைவு எண்ணாக இருக்கும் என்கிறார். காரணமும் சொல்கிறார். இவையெல்லாம் வெறும் வேடிக்கை, ஒரு பிரயோஜனமும் இல்லை, இதைத் தாண்டிப் போக யார் மெனக்கெடப் போகிறார்கள் என்று.

"அதுக்குள்ள இந்த ப்ராடக்டே இருக்காது சார்." அதே எண். அதே தொனி. படித்தபோது தனியாகச் சிரித்தேன். பார்லோவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. அவர் எழுதும்போது ஆய்லர் சொல்லி 39 வருஷம் ஆகிவிட்டது, யாரும் அடுத்த அடி எடுத்து வைக்கவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

1876இல் பிரான்ஸில் எதுவார் லூக்கா வந்தார். வகுத்துப் பார்க்காமலேயே பகா எண்ணா என்று சொல்லிவிடும் ஒரு புது வழியைக் கண்டுபிடித்து, மெர்சென் பட்டியலில் இருந்த 2^127 - 1 பகா எண்தான் என்று காட்டினார். 39 இலக்கம். நான் மேலே சொன்ன 128 பிட் உச்ச எண் இதுதான். 31இலிருந்து ஒரே தாவலில் 127. அதுவும் கையால் போட்ட கணக்கு! கம்ப்யூட்டர் வரும்வரை இந்தச் சாதியில் இதை மிஞ்சிய பகா எண் எதுவும் வரவில்லை. அதே வழியில் 67 பகா எண் இல்லை என்றும் லூக்கா சொன்னார், ஆனால் எதால் வகுபடும் என்று அவருக்குத் தெரியாது. 1903இல் கோல் என்ற அமெரிக்கர் அதையும் கண்டுபிடித்தார்: 193707721 × 761838257287. அதற்குத் தனிப் பதிவே போடலாம்.

லூக்காவின் வழியை 1930இல் சுத்தப்படுத்தி எளிமையாக்கியவர் லெஹ்மர் என்ற அமெரிக்கர். எவ்வளவு எளிமை என்றால், 4இல் ஆரம்பியுங்கள். அதன் வர்க்கத்தில் 2ஐக் கழியுங்கள். 14. மறுபடி வர்க்கம், ரெண்டைக் கழி, 194. எண் பெரிதாகப் போனால் 2147483647ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி 29 தடவை. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். நான் பைத்தானில் நாலே வரியில் எழுதிப் பார்த்தேன். என்டரைத் தட்டினேன், பூஜ்யம். ஆய்லரின் இருபது வருஷச் சந்தேகம் கண் இமைக்கிற நேரத்தில் தீர்ந்தது. கொஞ்சம் வெட்கமாகக் கூட இருந்தது. இதே சோதனையை வைத்துத்தான் 1952இல் ராபின்சன் என்பவர் ஸ்வாக் என்ற கம்ப்யூட்டரில் ஒரே வருஷத்தில் ஐந்து மெர்சென் பகா எண்களைப் பிடித்தார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2^136279841 - 1க்கு 4 கோடியே 10 லட்சம் இலக்கங்கள். பார்லோ சார் எங்கே இருக்கிறாரோ.

ஆனால் பார்லோவுக்கான நிஜமான பதில் இது இல்லை. "பிரயோஜனம் இல்லை" என்றாரே, அதற்குத்தான் பதில் வேண்டும். அதைக் கொடுத்தவரும் அதே லெஹ்மர்தான்.

கம்ப்யூட்டருக்குச் சுயமாகச் சீட்டுக் குலுக்கத் தெரியாது. ஆனால் அணுகுண்டுக் கணக்கிலிருந்து நம்ம ரம்மி ஆப் வரைக்கும் குலுக்கல் எண்கள் வேண்டும். 1949இல் லெஹ்மர் ஒரு வழி சொன்னார். ஒரு எண்ணை எடு, ஒரு நிலையான எண்ணால் பெருக்கு, இன்னொரு நிலையான எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள். அதுதான் அடுத்த குலுக்கல். மறுபடி அதே. வகுக்கிற எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சூட்சுமம். அது பகா எண்ணாக இருந்து, பெருக்குகிற எண்ணும் சரியாக அமைந்தால், ஒன்றிலிருந்து கடைசி வரை அத்தனை எண்ணும் தலா ஒரு தடவை வந்த பிறகுதான் சுற்று திரும்பும். பகு எண் என்றால் சுற்று பாதியிலேயே அறுந்து சின்னச் சின்ன வளையங்களாகிவிடும்.

32 பிட் மெஷினில் அடங்க வேண்டும், முடிந்த வரை பெரிதாக இருக்க வேண்டும், பகா எண்ணாகவும் இருக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே பதில், 2147483647. 1969இல் லூயிஸ், குட்மேன், மில்லர் மூன்று பேரும் ஐபிஎம் 360க்கு இதை வைத்துத்தான் குலுக்கல் எழுதினார்கள். பெருக்கும் எண் 16807, அதாவது 7^5. 1988இல் பார்க், மில்லர் ரெண்டு பேரும் எழுதிய கட்டுரையில், அந்தக் காலத்தில் புழங்கிய குலுக்கல்களில் பாதி குப்பை, குறைந்தபட்சம் இதையாவது பயன்படுத்துங்கள் என்று இதையே சிபாரிசு பண்ணினார்கள். 1இல் ஆரம்பித்தால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். பத்தாயிரமாவது தடவை 1043618065 வந்தால் நீங்கள் எழுதிய ப்ரோக்ராம் சரி. சி ப்ளஸ் ப்ளஸ் எழுதுகிற மக்கள் உங்கள் லைப்ரரியில் மின்ஸ்டாண்ட் என்று தேடிப் பாருங்கள், அங்கே உட்கார்ந்திருக்கிறார். இன்றைய தரத்துக்கு இது பழசு, பாஸ்வேர்ட் மாதிரி ரகசிய வேலைக்கெல்லாம் தொடவே கூடாது. ஆனாலும் 2147483646 அடிக்கு ஒரு சுற்று, நடுவில் அறுபடாமல். அந்த "அறுபடாமல்" என்பதற்குப் பின்னால் இருப்பது ஆய்லர் 1772இல் சொன்ன அந்த ஒரு வரி.

இதே எண் பண்ணிய சேட்டைகளையும் சொல்லிவிடுகிறேன், நான் மட்டும் மாட்டவில்லை என்ற ஆறுதலுக்கு. 2014 டிசம்பரில் கங்னம் ஸ்டைல் பாட்டு 214 கோடிப் பார்வைகளைத் தாண்டப் போக, யூடியூப் தன் கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாற்றியது. 2015இல் போயிங் 787 விமானத்தில் 248 நாள் தொடர்ந்து மின்சாரம் ஓடினால் ஜெனரேட்டரைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் ஒரு கவுன்ட்டர் நிரம்பி, எல்லா ஜெனரேட்டரும் ஒன்றாகக் கையை விரிக்கலாம் என்று அமெரிக்க விமானத் துறை எச்சரித்து, அவ்வப்போது அணைத்துப் போடச் சொன்னது. 248 நாளை நொடியில் நூற்றில் ஒரு பங்காக எண்ணிப் பாருங்கள், 2^31 பக்கத்தில் வந்து நிற்கும். அட, ஆய்லரின் 248 என்று எனக்குப் புல்லரித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வெறும் தற்செயல். அவருடையது 8 × 31, இது 86400 நொடியால் வகுத்ததில் வந்தது. ஆனாலும் புல்லரித்தது நிஜம்.

இன்னும் ஒன்று பாக்கி. 1970 ஜனவரி 1இலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணிக்கொண்டிருக்கும் பழைய யூனிக்ஸ் பெட்டிகளுக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம்மூர் நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 நொடிக்கு இந்த எண் வரும். அடுத்த நொடி 1901 டிசம்பர் ஆகிவிடும். பெரிய மெஷின்கள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. எந்தச் சுவரில், எந்த லிஃப்டில், எந்த பம்ப் செட்டில் பழைய பெட்டி பதுங்கியிருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

எங்கள் ஆபீஸில் இப்போது மிச்சமிருக்கும் எல்லா டேபிளையும் 64 பிட்டுக்கு மாற்றும் ஆணி என் தலையில். மொத்தம் 112 டேபிள், இன்றைக்கு வரை 40 முடிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை வரி இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை வருகிறது, என்றைக்கு நிரம்பும் என்று எண்ணி ஒரு ஷீட் போட்டு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அப்பா விடுவதாக இல்லை. அடுத்தடுத்த எண்களை அவரே 248ஐக் கூட்டிக் கூட்டிக் கண்டுபிடித்துக்கொள்கிறார். போன வாரம் போன் பண்ணி, "டேய், 2047னு ஒண்ணு வருதே, அது 23ஆல போயிடுது, விட்டுடலாம்ல?" என்றார். விட்டுடலாம்ப்பா என்றேன். நேற்று வாட்ஸப்பில் டைரிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 2543, மீதி 1523. அதற்குக் கீழே 2729, மீதி 799. பக்கத்தில் சிவப்பு மையில் டிக் வேறு.